பிறைக் கணக்கில் மிஞ்சிய நாலு நாள்

எழுதுவது எனக்குப் பழகிய வேலை அல்ல. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கொம்பு போட வேண்டிய இடத்தில் கால் போட்டிருப்பேன், சொன்னதையே இரண்டு தரம் சொல்லியிருப்பேன். மறதியும் கூடிவிட்டது. அடுப்பில் பால் வைத்தால், அது பொங்கி வழிந்து கருகும் மணத்தில்தான் ஞாபகம் வருகிறது. பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லலாமே என்று கேட்பீர்கள். நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படி. கல்யாண வீடுகளில்கூடக் குசினிப் பக்கம்தான் நிற்பேன். அங்கே பேச வேண்டியதில்லை, கை ஓடினால் போதும்.

அப்படிப்பட்டவள் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், எங்கள் தெருவில் என்னைப் பற்றி ஒரு கதை நடக்கிறது. புருசன் மௌத்தாகி இத்தா இருந்தவள், அதை முடிக்காமலே களப்புக் கரைக்குக் காற்று வாங்கப் போனாள் என்று. நேரே வந்து கேட்டால் ஏதாவது சொல்லலாம். ஒருவரும் கேட்கவில்லை. என்னைக் கண்டால் கதையை நிறுத்திவிட்டு, நான் போன பிறகு தொடங்குகிறார்கள். ஆகவே எழுதி வைக்கிறேன். நான் இத்தாவை முறிக்கவில்லை. முடித்தேன். முடித்த பிறகு யாருக்கும் சொல்லாமல் இருந்தேன். அது வேறு. அதற்காக நான் வெட்கப்படவும் இல்லை.

இத்தா என்றால் அறியாதவர்களும் இதை வாசிக்கலாம். எங்கள் மார்க்கத்தில் புருசன் இறந்தால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். நகை, அலங்காரம் கூடாது. அன்னிய ஆண்கள் முன்னால் வரக்கூடாது. எங்கள் பக்கத்தில் வெள்ளை உடுத்துவார்கள். தேவையில்லாமல் வாசலைத் தாண்டுவதில்லை.

அதற்கு முன் என் நாள் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும்.

தில்லையடியில் எங்கள் வீடு றோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. கொஞ்சம் நடந்தால் களப்பு, கடல் தண்ணீர் உள்ளே வந்து தேங்கி நிற்கிற இடம். பக்கத்து வளவில் மகள். அவள் டவுனில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நிற்கிறாள், பிள்ளைகள் என்னிடம் நிற்பார்கள். மகன் கண்டக்குழியில். டொல்பின் பார்க்க வருகிற ஆட்களைப் படகில் கூட்டிப்போகிறான். வீட்டோடு சேர்த்து இரண்டு அறை கட்டி வாடகைக்கும் விடுகிறான். அவன் மனைவி வெளிநாட்டில் வேலை செய்கிறாள். எங்களுக்கு முன்வீட்டில் என் மதினி, அதாவது என் புருசனின் மூத்த சகோதரி. இந்த மூன்று வீட்டுக்கும் ஒரே ஒரு நான்.

விடிகாலையில் சுபஹ் தொழுது சலாம் கொடுக்க முன்பே படலை தட்டுப்படும். "உம்மா, இவன்ட சப்பாத்து ஒண்டுதான் இருக்கு, மத்தது எங்க?" அது மகள். "அடியே, தேங்கா ரெண்டு திருவித் தா, எனக்குத் தோள் இழுக்குது." அது மதினி. தொலைபேசி அடிக்கும். "உம்மா, நாளைக்குப் பத்துப் பேர் வாறாங்க. நீங்க வந்து மீன் ஆணம் வெச்சாத்தான் சரி. வேன் அனுப்புறன்." அது மகன். உள்ளே கட்டிலில் இருந்து அவர், என் புருசன், ஒரே ஒரு சொல் சொல்வார். "தேத்தண்ணி." அவர் அதிகம் பேசாத மனிசன். உப்பளத்தில் வெயில் குடித்துக் குடித்து அவருக்குச் சொற்கள் காய்ந்துவிட்டன என்று நான் பகிடியாக நினைப்பேன்.

அவருக்கு ஊற்றும்போது எனக்கும் ஒரு கோப்பை ஊற்றி ஜன்னல் கட்டையில் வைப்பேன். சப்பாத்தைத் தேடி, தேங்காய் திருவி, பிள்ளைக்குத் தலை வாரி, நான் அந்தக் கோப்பையிடம் திரும்பி வரும்போது மேலே ஆடை படிந்திருக்கும். சில நாளில் அதில் ஒரு எறும்பும் செத்துக் கிடக்கும். எறும்பை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு ஒரே மூச்சில் குடிப்பேன். கல்யாணம் கட்டிய நாளில் இருந்து ஆறின தேத்தண்ணி குடித்தவள் நான். தேத்தண்ணியின் ருசியே அதுதான் என்று நினைத்திருந்தேன்.

சோழகக் காற்று மணலை அள்ளி வீசுகிற காலத்தில் அவர் மௌத்தானார். பின்னேரம் அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி உளூச் செய்யக் கிணற்றடிக்குப் போனவர் அங்கேயே இருந்துவிட்டார். நல்ல மனிசன். கை நீட்டியதில்லை, காசை ஒளித்ததில்லை. அவரைப் பற்றி எழுத இது இடமில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நான் பின்னால் எழுதப்போவதைப் பார்த்துவிட்டு, புருசன் போனதில் இவளுக்குச் சந்தோசம் என்று யாராவது நினைத்தால், அவர்களுக்குப் புருசனும் தெரியாது, தேத்தண்ணியும் தெரியாது.

அன்றைக்கே என்னை வெள்ளை உடுத்தி அறைக்குள் விட்டார்கள். மதினி சொல்லச் சொல்ல, மகள் சுவரில் இருந்த கடைக் கலண்டரில் ஒவ்வொரு தாளாகப் புரட்டி, நாலு மாதம் தாண்டி, பத்து நாள் எண்ணி, சிவப்புப் பேனையால் ஒரு வட்டம் போட்டாள். "அது வரைக்கும் இவளிட்ட ஒருத்தரும் ஒரு வேலையும் சொல்லப்படாது," என்று மதினி எல்லோருக்கும் கேட்கச் சொன்னா. அந்த ஒரு சொல்லுக்காக இன்றைக்கும் அவவுக்காகத் துஆச் செய்கிறேன்.

முதல் நாட்கள் அழுகையில் போயின. பிறகு ஒரு விடிகாலையில் காதைக் கொடுத்துக் கேட்டேன். குசினியில் மகள் சட்டி உருட்டுகிறாள். பிள்ளை சப்பாத்தைத் தேடுகிறது. என் கால் தன்பாட்டில் கட்டிலில் இருந்து இறங்கப் பார்த்தது. "நீங்க இருங்க உம்மா," என்று அதட்டினாள் மகள். இருந்தேன். சப்பாத்து அகப்பட்டது. சோறு கொஞ்சம் அடிப்பிடித்தது, ஆனாலும் எல்லோரும் சாப்பிட்டார்கள். முன்வீட்டில் தேங்காயும் திருவப்பட்டது. தோள் இழுத்த மதினியே திருவினா. கண்டக்குழிக்கு வந்தவர்களும் பட்டினியாகத் திரும்பிப் போகவில்லை. நான் இல்லாமல் மூன்று வீடும் நடந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

மறுநாள் மகள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து கதிரையில் வைத்துவிட்டு ஓடினாள். நான் கையில் எடுத்தேன். யாரும் கூப்பிடவில்லை. வாயில் வைத்தேன், நாக்குச் சுட்டது. ஊதினேன். இஞ்சி மணம் முகத்தில் அடித்தது. ஒவ்வொரு மிடறாக, கோப்பையின் அடியில் சீனி தெரியும் வரைக்கும் குடித்தேன். ஒரு மனுசி வாழ்க்கையில் பார்க்க வேண்டியது எத்தனையோ இருக்கிறது, மக்காவுக்குப் போகிறார்கள், கடல் கடந்து போகிறார்கள். எனக்குச் சூடான தேத்தண்ணி கிடைப்பதற்கே இவ்வளவு காலம் பிடித்தது.

அதற்குப் பிறகு நான் யோசிக்கத் தொடங்கினேன். முன்பு யோசிப்பதற்கும் நேரம் இருந்ததில்லை.

எங்கள் கல்யாண வீடுகளில் சஹன் வைப்பார்கள். பெரிய தட்டில் சோறும் கறியும் வைத்து, ஆறு பேர் சுற்றி இருந்து சாப்பிடுவது. அதில் ஒரு ஒழுக்கம் இருக்கிறது. அவரவர் தன் முன்னால் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். மற்றவர் பக்கம் கை போகக்கூடாது. சின்னப் பிள்ளைக்கும் இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுப்போம். என் நாளும் ஒரு சஹன்தான் என்று எனக்குப் பட்டது. எல்லோருடைய கையும் அதில் இருந்தது. என் முன்னால் மட்டும் வெறும் தட்டு. மற்றவர்கள் எடுத்தது பிழை என்றுகூடச் சொல்ல மாட்டேன். என் பக்கத்தில் என் கை இல்லை. கை இல்லாத பக்கத்தில் இருந்து யாரும் எடுப்பார்கள்தானே.

அப்படியானால் என் பங்கு எது? இத்தாவில் நான் செய்யாமல் விட்டதில் உண்மையில் எது குறைந்தது என்று தேடிப் பார்த்தேன். சப்பாத்து குறையவில்லை. தேங்காய் குறையவில்லை. ஆனால் மகளின் கடைசிப் பெண் பிள்ளை, பள்ளிக்கூடம் விட்டு வந்து என் கட்டில் ஓரத்தில் ஏறி இருந்து குர்ஆன் ஓதுவாள். வேறு யாரிடமும் ஓத மாட்டாள். ஓதிக் கொடுக்க எனக்குச் சத்தம் வேண்டாம், அவளுக்கும் அவசரம் இல்லை. அது என்னால் மட்டும் ஆகிற வேலை. அதை வைத்துக்கொண்டேன். சுபஹ் தொடக்கம் வெயில் கிணற்றுக் கட்டுக்கு ஏறும் வரைக்கும் உள்ள நேரம், அது எனக்கு. தேத்தண்ணி, பிறகு ஓதல், பிறகு சும்மா இருத்தல். அது தட்டில் என் முன்னால் இருக்கிற பங்கு. மீதியை மற்றவர்கள் எடுக்கட்டும், நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

இதெல்லாம் தீர்மானிக்க இவளுக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் எல்லோரும் மன்னாரை விட்டுப் போக வேண்டும் என்று இயக்கக்காரர் சொன்னபோது, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, வயிற்றில் மகனோடு, ஒரு வீட்டை ஒரு பைக்குள் வைத்தவள் நான். அன்றைக்கு அவர் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். எதை எடுப்பது, எதை விடுவது என்று நான்தான் சொன்னேன். அலுமாரியை விட்டேன், பிள்ளையின் பால்மாவை எடுத்தேன். அதில் ஒரு பிழையும் நடக்கவில்லை. ஒரு வீட்டுக்கே முடிவு சொன்னவளுக்கு ஒரு காலை நேரத்துக்கு முடிவு சொல்லத் தெரியாதா?

ஆனால் அதை வாயால் சொல்ல வேண்டுமே. அதுதான் எனக்கு வராத வேலை.

காற்று அடங்கி, முதல் மழை வாசனை வருகிற நாட்களில், ஒரு மாலை மகன், மகள், மதினி மூன்று பேரும் முன்னறையில் கூடினார்கள். நான் அறை வாசல் திரைக்கு இந்தப் பக்கம் இருந்தேன். நான் தூங்குகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

"சீசன் தொடங்குது," என்றான் மகன். "வட்டம் போட்ட நாளைக்கு அடுத்த நாள் விடியவே வேன் அனுப்புறன். உம்மா என்னோட இருக்கட்டும். சமையலுக்கு வெளியில ஆள் வெச்சாக் கட்டாது."

"அப்ப என்ட புள்ளைகள்?" என்றாள் மகள். "கிழமைல மூண்டு நாளாவது இங்க விடு."

"என்ட பேத்திட கலியாணம் ரெண்டு பேருக்கும் மறந்து போச்சா?" என்றா மதினி. "பணியாரம் சுடுறது ஆரு? அது முடியுமட்டும் அவ இங்கதான். பொறகு நீங்க பிச்சுக்கொள்ளுங்க."

"உம்மாட்டக் கேக்க வேணாமா?" என்று மகள் கேட்டாள். நல்ல பிள்ளை, கேட்டாள்.

"அவளிட்ட என்னத்தக் கேக்கிற? எப்பயாவது மாட்டன் எண்டு சொல்லியிருக்கிறாளா?" என்று மதினி சொல்ல, மூவரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. பாசமான சிரிப்புத்தான். அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

எங்கள் கிணற்றடியில் நின்றால் முருங்கைக்கும் மதிலுக்கும் நடுவே மேற்கு வானம் ஒரு துண்டு தெரியும். இத்தாவில் பொழுது சாய்கிற மஃரிப் நேரம் அங்கே போய் நிற்பேன். வேறு பார்க்க என்ன இருக்கிறது? ஒவ்வொரு மாதமும் பிறை அங்கேதான் முளைத்தது. அவர் மௌத்தானதுகூட அப்படி ஒரு பிறை முளைத்து இரண்டு மூன்று நாளில்தான். நாலாம் பிறையும் வந்து கழிந்த பிறகு, என் கணக்கும் கலண்டர் வட்டமும் ஒத்து வரவில்லை என்று கண்டேன். வட்டம் பிந்தி நின்றது. முதலில் என் மறதி என்றுதான் நினைத்தேன்.

அந்த நாட்களில் எங்கள் பள்ளிவாசல் மௌலவியின் மனைவி என்னைப் பார்க்க வந்தா. பெண்களுக்கு ஓதிக் கொடுக்கிறவ. மெதுவாகக் கேட்டேன்.

"கலண்டர்ல எண்ணினீங்களா?" என்று சிரித்தா. "இத்தாக் கணக்குப் பிறையில ராத்தா. இங்கிலீஷ் மாசம் முப்பத்தொண்டும் வரும், பிறை மாசம் முப்பதத் தாண்டாது. அது சேந்து சேந்து நாலு நாள் கூடிட்டு. எத்தின பேர் இந்தப் பிழைய விடுறாங்க தெரியுமா?" விரல் மடக்கி எண்ணிவிட்டுச் சொன்னா. "உங்களுக்கு வாற செவ்வாயோட முடியுது. மகளுக்கும் சொல்லிடுங்க."

"ஓம்," என்றேன்.

"சொல்லுவீங்களா?"

நான் தலையைக் குனிந்தேன். அவ என் முகத்தைப் பார்த்தா, பிறகு திரைக்கு அந்தப் பக்கம் சப்பாத்துக்காக நடக்கிற சண்டையைக் கேட்டா. "என்னிட்டக் கேட்டாச் சொல்லுவன்," என்று எழும்பினா. "கேக்காட்டி நான் என்னத்துக்கு வலிய வந்து சொல்ல?"

செவ்வாய் போனது. வட்டத்துக்கு இன்னும் நாலு நாள். அல்லாஹ்வின் கணக்கில் நான் கடமையை முடித்தவள். மனிசரின் கணக்கில் இன்னும் யாரும் வேலை சொல்லக்கூடாதவள். இந்த நாலு நாளும் யாருடையதும் இல்லை. ஆகவே என்னுடையது.

புதன் விடியச் சுபஹ் தொழுதேன். தேத்தண்ணியை நானே ஊற்றி, இருந்து, சூட்டோடு குடித்தேன். பிறகு அபாயாவைப் போட்டுக்கொண்டு பின் படலையால் வெளியே இறங்கினேன். மணல் தெருவில் என் செருப்புச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு காலம்! களப்புக் கரைக்குப் போனேன். காற்று இல்லாமல் தண்ணீர் தகடு போலக் கிடந்தது. சேற்று மணம். தூரத்தில் இறால் பிடிக்கிற ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் அசையாமல் நின்றார். நான் அவரைப் பார்க்கவில்லை, அவரும் என்னைப் பார்க்கவில்லை. அங்கே நின்று என் புருசனுக்காக ஓதினேன். அறைக்குள் ஓதியதைவிட அது தெளிவாக வந்தது. ஒன்றும் செய்யாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

தெரு முனையில் மதினி. கையில் பேக்கரியில் வாங்கிய ஒரு றாத்தல் பாண்.

"யா அல்லாஹ்!" என்று கத்தினா. "பேயெண்டு நினைச்சிட்டன்! அடியே, இத்தால இருக்கிறவள் எங்க போட்டு வாறாய்? என்ட தம்பிட கபுறு மண் இன்னும் காயல்ல, உனக்குக் காத்துக் கேக்குதோ?" பாணை என் பக்கம் நீட்டி நீட்டிப் பேசினா. அக்கம் பக்கத்து ஜன்னல்கள் திறந்தன. தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். அவ பின்னால் கத்திக்கொண்டே வந்தா. தெருவில் இன்றைக்கும் நடக்கிற கதை அந்தப் பாண் நீட்டிய இடத்தில் பிறந்ததுதான்.

மகள் வேலைக்குப் போகாமல் நின்றாள். மகன் கண்டக்குழியில் இருந்து மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தான். முன்னறையில் எனக்கு ஒரு கதிரை போட்டார்கள். நான் அதில் விளிம்பில் இருந்தேன்.

"ஏன் உம்மா இப்பிடிச் செஞ்சீங்க?" மகள் அழுதாள். "இன்னம் நாலு நாள்தானே. பொறுக்கேலாமப் போச்சா?"

"சனத்துக்கு நான் என்ன முகத்தக் காட்டுற?" என்றா மதினி.

பக்கத்தில் செம்பில் தண்ணீர் இருந்தது, குடித்தேன். என் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "கலண்டரப் பாக்க வேணாம். பிறையப் பாருங்க."

"என்ன சொல்றா இவ?"

"இத்தா பிறைக் கணக்கில. எனக்கு நேத்து முடிஞ்சிட்டு."

மகன் மௌலவிக்குத் தொலைபேசி எடுத்து, எல்லோருக்கும் கேட்க வைத்தான். மௌலவி நாட்களைக் கேட்டார், எண்ணினார். "உம்மா சொல்றது சரி தம்பி, நேத்தோட முடிஞ்சிட்டு. ஏன், எங்கட வீட்டுக்காரி அண்டைக்கே வந்து கணக்குச் சொல்லிட்டாங்களே, உங்களுக்குத் தெரியாதா?"

மகன் தொலைபேசியை வைத்தான். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். முறித்ததாக நினைத்துப் பார்த்த பார்வை போய், வேறு ஒரு பார்வை.

"அப்ப உங்களுக்கு முந்தியே தெரியும்," என்றான் மகன். "ஏன் உம்மா எங்களுக்குச் சொல்லல்ல?"

"சொல்லியிருந்தா இண்டைக்கு விடிய வேன் வந்திருக்கும்."

திரைக்குப் பின்னால் நான் விழித்திருந்தது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள்.

சொல்ல வேண்டியது எல்லாம் அறைக்குள் மாதக் கணக்காக மனதில் ஓதி ஓதிப் பாடமாக்கி வைத்திருந்தேன். ஒழுங்கு மாறாமல் வந்தது.

"விடியக் காலம எனக்கு. வெயில் கிணத்துக் கட்டுக்கு ஏறுமட்டும் படலையத் தட்டப்படாது. பகலைக்குச் சின்னவள் ஓத வரட்டும், மத்தப் புள்ளைகளும் பள்ளிக்கூடம் விட்டு என்னோட இருக்கட்டும், சோறு குடுப்பன். கலியாணத்துக்குப் பணியாரம் சுட ஒரு நாள் வருவன், ஒரே ஒரு நாள். கண்டக்குழிக்கு வருவன் மகன். விருந்தாளியா வருவன். உன்ட குசினிக்கு வரமாட்டன்."

"உம்மா!" என்றான்.

"காலம வெள்ளென உனக்கு அப்பிடி என்னடி வேலை?" என்று மதினி கேட்டா. "ஒபிசுக்கா போறாய்?"

"தேத்தண்ணி குடிக்கிற வேலை."

"தேத்தண்ணியா?"

"ஓம் மதினி. சூடா."

மதினி சிரிக்கப் பார்த்தா, சிரிப்பு வரவில்லை. மகளைப் பார்த்தா, மகனைப் பார்த்தா. ஒருவரும் சிரிக்கவில்லை. "சரி," என்று எழும்பினா. "இத்தாதான் முடிஞ்சிட்டே. வா, பின்னேரம் வந்து மா இடிக்க ஒரு கை பிடி."

"இன்னம் மூண்டு நாள் இருக்கு மதினி."

"நேத்தே முடிஞ்சிட்டு எண்டு நீதானே சொன்னாய்!"

"இத்தா முடிஞ்சிட்டு. ஆனா அந்த வட்டம் நீங்க போடச் சொன்ன வட்டம். அது வரைக்கும் என்னிட்ட ஒருத்தரும் வேலை சொல்லப்படாது எண்டும் நீங்கதான் சொன்னீங்க. குடுத்தத் திருப்பி எடுக்கலாமா?"

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன். சிரித்தாள்.

அந்த மூன்று நாளையும் நான் முழுதாக அனுபவித்தேன். விடிய விடியக் களப்புக் கரைக்குப் போனேன், பின் படலையால் இல்லை, முன் படலையால். சந்தியில் கதை நின்றது, நான் கடந்தேன், கதை தொடங்கியது. நடக்கட்டும்.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று எழுதினால் அது பொய். மகன் சமையலுக்கு அந்த ஊரிலேயே ஒரு பெண்ணை வைத்தான். அந்தச் சீசன் முழுக்க என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தொலைபேசியில் "ஓம் உம்மா, சரி உம்மா" என்பதோடு நிறுத்துவான். அது இன்னும் நெஞ்சுக்குள் இருக்கிறது. பெருநாளைக்கு விருந்தாளியாகப் போனேன். அந்தப் பெண் வைத்த மீன் ஆணம் என்னுடையதைவிடப் புளிப்புக் கூட, ஆனால் நல்லது. வெள்ளைக்காரர்கள் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்கள். நான் கதிரையில் இருந்து சாப்பிட்டேன். கோப்பை கழுவ எழும்பிய காலை மறு காலால் மிதித்துக்கொண்டேன்.

மகளின் பிள்ளைகள் முதல் கிழமை பள்ளிக்கூடத்துக்குப் பிந்தினார்கள். இப்போது முதல் நாள் மாலையே சப்பாத்தை வாசலில் ஜோடி சேர்த்து வைக்கிறார்கள். கல்யாணத்துக்கு ஒரு நாள் போய்ப் பணியாரம் சுட்டேன். எண்ணெய் புகையில் கண் எரிய எரிய, சொன்ன ஒரு நாளை நிறைவாகச் செய்தேன். இரண்டாம் நாளும் ஆள் அனுப்பினா மதினி. நான் போகவில்லை. கல்யாணம் நின்றுவிடவில்லை.

மதினி இன்னும் சில நாளில் விடியவே வந்து படலையைத் தட்டுவா. நான் திறப்பதில்லை. உள்ளே இருந்தே, என் குரலுக்கு எவ்வளவு சத்தம் வருமோ அவ்வளவில், "குடிச்சிட்டு வாறன் மதினி," என்பேன். அவ வெளியே நின்று, தெருவுக்கே கேட்க என்னைத் திட்டுவா. முன்பு அந்தச் சத்தத்துக்கே நான் ஓடிப் போய்த் திறந்திருப்பேன். இப்போது ஒரு மிடறு ஊதிக் குடித்துவிட்டு, அடுத்த மிடறை ஊதுகிறேன். இதை எழுதுவதும் அந்த நேரத்தில்தான். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். ஓதி முடித்த பிறகு, வெயில் ஏறும் முன்பு. முந்தி எனக்கு எழுத வராது என்று நினைத்திருந்தேன். நேரம்தான் வரவில்லை.

கடைசியாக ஒரு உதவி. நான் மேலே சொன்ன கணக்கில் பிழை இருக்கலாம். எந்தப் பிறைக்கு முப்பது வந்தது, எதற்கு இருபத்தொன்பது, முடிந்தது செவ்வாயா திங்களா, மழை தொடங்கியது அதற்கு முன்பா பின்பா என்பதெல்லாம் எனக்குக் கலங்கிப் போய் இருக்கிறது. மௌலவி ஊர் மாறிப் போய்விட்டார், மனைவியும் போய்விட்டா. பிறைக் கணக்குத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் பார்த்துச் சரிபிழை சொன்னால் நல்லது. எங்கள் வீட்டில் எவரிடமும் சொல்லிவிட்டுப் போகலாம். என்னிடமே நேரில் சொல்ல வேண்டும் என்றால் தாராளமாக வாருங்கள், ஒரு கோப்பை உங்களுக்கும் ஊற்றுவேன். ஆனால் வெயில் கிணற்றுக் கட்டுக்கு ஏறிய பிறகு வாருங்கள். அதற்கு முன் வந்தால் படலையில் நிற்க வேண்டி வரும்.